அமலோற்பவத்தின் முதுகுக்கு வந்த டிராகன்

பங்குனி மாதம், வெயில் உப்பளத்தின் மேல் காய்ச்சிய தகரம் போலக் கவிழ்ந்து கிடந்த ஒரு முற்பகலில், கப்பல் சமையல்காரன் தொம்மையின் முதுகில் பதிமூன்று வருஷமாகக் குடியிருந்த டிராகன், கடலைக் கடந்து, ஓடை வழியாகத் தூத்துக்குடிக்கு வடக்கே உள்ள உப்பளத்துக்குள் நுழைந்து, கடல்நீர் தேங்கிய தொட்டியில் கால் கழுவிக்கொண்டிருந்த அவன் மனைவி அமலோற்பவத்தின் வலது குதிகாலில் ஏறி, கெண்டைக்காலைச் சுற்றி, இடுப்பைக் கடந்து, அவள் முதுகில் போய்ப் படுத்துக்கொண்டது.

ஈரத்துண்டை முதுகில் விரித்தது போலக் குளிர்ந்தது, அவ்வளவுதான். பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த செல்லக்கனி, சட்டைக் காலருக்கு மேலே பிடரியில் கறுப்பாக இரண்டு மீசை நெளிவதைப் பார்த்துவிட்டுப் பலகையைக் கீழே போட்டாள்.

"எளா உற்பவம், அசையாத. முதுகுல என்னமோ ஏறியிருக்கு."

"பூரானா?"

"பூரான் இல்ல, நில்லு." சேலைக்கு மேல் போட்டிருந்த ஆம்பளைச் சட்டையைத் தூக்கிய செல்லக்கனி, இடுப்பு வரைக்கும் குனிந்து பார்த்தாள். பிறகு, தொலைந்த ஆடு வேறொருத்தர் தொழுவத்தில் நிற்பதைப் பார்த்தவள் போலச் சொன்னாள்: "இது உன் வீட்டுக்காரர் முதுகுல கிடந்ததுல்லா?"

அந்தத் தெருவில் தொம்மையின் டிராகனைத் தெரியாதவர்கள் கிடையாது. கலியாணத்துக்கு முன்பே, கப்பல் பினாங்கில் நின்ற ஒரு வாரத்தில், ஒரு சீனக் கிழவனிடம் மூன்று நாள் குப்புறக் கிடந்து அவன் குத்திக்கொண்ட பச்சை அது. விடுமுறைக்கு வந்தால் தெருக்குழாயடியில் இடுப்பில் துண்டோடு குளிப்பான். பெண்கள் குடத்தை நிரப்பிக்கொண்டே அதன் செதிலை எண்ணுவார்கள். அது எப்போதும் எட்டிப் பார்க்கிற மாதிரி, அவனுடைய இடது மணிக்கட்டில் அந்தக் கிழவன் ஒரு முத்தையும் குத்தியிருந்தான். ஒருமுறை கப்பல் அடுப்படியில் கொதிக்கிற எண்ணெய் தெறித்து, வால் பக்கம் கொஞ்சம் செதில் அழிந்துபோயிற்று. அமலோற்பவத்தின் முதுகிலும் வால் பக்கம் அதே இடத்தில், அதே அளவுக்கு, செதில் இல்லை.

தொம்மையிடமிருந்து கடிதம் வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. கைபேசி வராத காலம். மூன்று மாதத்துக்கு ஒன்று வந்துகொண்டிருந்த நீலக் கடிதம் ஒருநாள் வரவில்லை, அடுத்த மாதம் வரவில்லை. ஆள் பிடித்து அனுப்பிய ஏஜெண்ட் கடையையே பூட்டிக்கொண்டு போய்விட்டான். பிள்ளைகள் இல்லை. அமலோற்பவம் உப்பளத்துக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தது அப்போதுதான்.

அன்று சாயந்திரத்துக்குள் தெரு முழுக்க வந்து அவள் முதுகைப் பார்த்துவிட்டுப் போயிற்று. வந்தவர்கள் எல்லாருக்கும் அவள் காப்பி போட்டாள். அது எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கடல் வழியாக வந்ததைத்தான் நாலு பேர் பார்த்திருக்கிறார்களே. ஏன் வந்தது என்பதில்தான் சண்டை. "உடம்பு போனாத்தான் தோல்ல இருக்கிறது கிளம்பி வெளிய வரும்" என்றான் தொம்மையின் தம்பி. கோயிலில் சொல்லி இறந்தவர்களுக்கான பூசை வைத்துவிடலாம் என்றான். பாதித் தெரு தலையாட்டியது. அமலோற்பவம் காப்பித் தூளைத் தேடுகிறவள் போல அடுப்படியிலேயே நின்றாள்.

செல்லக்கனிதான் வேறொன்றைக் கவனித்தாள். "அவரு முதுகுல இருக்கையில இதுக்குக் கண்ணு கிடையாது. ரெண்டு குழியா வெறும் தோலாத்தான் இருக்கும். இப்ப கண்ணு இருக்கே. யாரு போட்டா?"

அதற்குப் பதில் சொல்ல ஊரில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். கடைத்தெருவில் பல் மருத்துவம் பார்த்த ஆல்பர்ட் லியூ. அவருடைய தாத்தா சீனத்திலிருந்து பல் கட்டும் பெட்டியோடு கப்பலேறி வந்தவர். லியூ பிறந்ததும் வளர்ந்ததும் தூத்துக்குடியில்தான். சீனத்தை அவர் கண்ணால் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் செல்லக்கனி அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். லியூ அமலோற்பவத்தை நோயாளி நாற்காலியில் திருப்பி உட்காரவைத்து, வாய்க்குள் அடிக்கிற விளக்கை இழுத்து முதுகின் மேல் அடித்தார். அடித்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"எங்கப்பா காலண்டர்ல பாத்திருக்கேன். உசுரோட இப்பத்தான் பாக்கேன்" என்றார். "தொட்டுக்கிடலாமாம்மா?"

"தொடுங்க."

தொட்ட விரல் ஈரமாக வந்தது. அவர் அதைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"பயப்படாதீங்க. வெள்ளைக்காரன் கதையில வார டிராகன்தான் நெருப்பைக் கக்கும். எங்க டிராகன் தண்ணியில உள்ளது. மான் கொம்பு, மீன் செதிலு, கெளுத்தி மீசை, பருந்துக் கால் எல்லாம் சேந்த உருவம். நகம் பாத்தியளா, நாலு. அஞ்சு இருந்தா ராசாவுக்கு, நாலுன்னா நம்மள மாதிரி ஆளுகளுக்கு. குளிர்காலத்துல தண்ணிக்குள்ள உறங்கும், வசந்தத்துல வானத்துக்கு ஏறும். மேகத்தை மேய்க்கிற சீவன்னு எங்கம்மா சொல்லுவாங்க."

"கண்ணு?" என்றாள் செல்லக்கனி.

"அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். கண்ணு வைக்காம விட்டா அது இருக்கிற இடத்துலயே இருக்கும். கண்ணு வச்சுட்டா கிளம்பிப் போயிரும். கிளம்பணும்னுதான் யாரோ கண்ணு வச்சிருக்காக. செத்த ஆளு முதுகுல எவனும் உக்காந்து ஊசி குத்த மாட்டான்." லியூ யோசித்தார். பிறகு நாற்காலியை மெல்லச் சுற்றினார். அமலோற்பவம் சுவரைப் பார்த்தாள், சன்னலைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். முதுகில் இருந்த டிராகனின் தலை மட்டும், அவள் எந்தப் பக்கம் திரும்பினாலும், தோளுக்கும் விலாவுக்கும் நழுவி நழுவித் தென்கிழக்கையே பார்த்துக்கொண்டு நின்றது.

"அவரு கையில உள்ள முத்தைப் பாக்குது" என்றார் லியூ. "முத்து அந்தத் திக்குல இருக்கு. கை உசுரோட இருந்தாத்தானே அதுல முத்து இருக்கும்?"

அமலோற்பவம் நாலு வருஷமாக அழாத அழுகையை அந்தப் பல் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். வெளியே, ஐப்பசியில்கூட ஒழுங்காகப் பெய்யாத அந்தக் கடைத்தெருவில், அரை மணி நேரம் மழை கொட்டியது.

மழைதான் சங்கடமாகப் போயிற்று. மற்ற ஊரில் மழை வந்தால் கும்பிடுவார்கள். உப்பளத்தில் கோடையில் விழுகிற மழை ஒரு மாசத்து உழைப்பைக் கரைத்துவிட்டுப் போகும். அமலோற்பவம் உப்பு வாருகையில் தொம்மை நினைப்பு வந்தால் போதும், அவள் நிற்கிற பாத்திக்கு மேலே மட்டும் ஒரு துண்டு மேகம் வந்து நிற்கும். நினைக்காமல் இருக்கப் பார்த்தாள். செபமாலை சொன்னாள், பக்கத்துப் பெண்களிடம் சினிமாக் கதை கேட்டாள். மூன்றாம் வாரம், வெள்ளை வெளேரென்று குவித்திருந்த உப்பு கண் முன்னே கஞ்சியாக ஓடியது. யாரும் அவளைத் திட்டவில்லை. கங்காணிதான் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். "உற்பவம், உம்மேல குத்தம் இல்லம்மா. ஆனா இத்தனை பேரு வயிறு இருக்கு. அவரு வந்த பெறவு நீ வேலைக்கு வா, உன் பாத்தி அப்படியே இருக்கும்." அன்றிலிருந்து உப்பளத்துப் பெண்கள் மாதா கோயிலில் ஏற்றுகிற மெழுகுவத்தியில் ஒன்று, தொம்மை சீக்கிரம் திரும்பி வரவேண்டும் என்பதற்காக எரிந்தது.

மேற்கே கரிசல் காட்டில் சேதி வேறு மாதிரி போய்ச் சேர்ந்தது. மூன்று வருஷமாக வானம் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்துப்போன ஊர்கள். முதலில் வந்தவள் ஓணாங்குளம் என்கிற ஊரிலிருந்து குருவம்மா. நாற்பது வயது, புருசனை இழந்தவள், சொந்தமாக ஏர் பிடித்து உழுகிறவள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றுகொண்டு சொன்னாள்: "மதினி, உளுந்து பூத்து நிக்கி. ஒரு மழை. ஒரே ஒரு மழைக்கு வந்து எங்க காட்டுல உக்காருங்க. வண்டி கொண்டாந்திருக்கேன்."

அமலோற்பவம் போனாள். வரப்பில் கட்டில் போட்டு, வேப்பங்கிளையால் நிழல் கட்டி உட்காரவைத்தார்கள். காலை முழுக்க உட்கார்ந்திருந்தாள். இத்தனை பேர் சுற்றி நின்று வாயைப் பார்த்தால் யாருக்கு நினைப்பு வரும்? ஒரு சொட்டு விழவில்லை. ஆட்கள் ஒவ்வொருத்தராகக் கலைந்தார்கள். குருவம்மா மட்டும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வெங்காயம் உரித்துக்கொண்டே, பொழுது போவதற்காகக் கேட்கிறவள் போலக் கேட்டாள்: "அண்ணன் எப்படிச் சிரிப்பாரு மதினி?"

தலையைப் பின்னால் போட்டுக்கொண்டு சிரிப்பார், மூன்று வீடு தள்ளி இருக்கிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள் என்று அமலோற்பவம் சொன்னாள். அவருக்கு இஞ்சி ஆகாது, குழம்பில் ஒரு துண்டு கிடந்தாலும் கண்டுபிடித்து எடுத்துவைத்துவிடுவார் என்று சொன்னாள். சட்டியில் மீன் வெந்துவிட்டதா என்று பார்க்காமல் வாசனையிலேயே சொல்லுவார் என்று சொன்னாள். சொல்லி முடிக்குமுன் குருவம்மா வெங்காயத்தை முந்தானையில் அள்ளிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்தாள், அப்படி ஒரு மழை.

அதற்குப் பிறகு ரகசியம் எல்லா ஊருக்கும் தெரிந்துபோயிற்று. ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள், ஊர் ஊராகக் கேட்டார்கள். அண்ணன் எப்படி நடப்பாரு, முதல் முதல்ல என்ன வாங்கிக் கொடுத்தாரு, கோவம் வந்தா என்ன செய்வாரு. கம்மங்கொல்லைக்கும் மிளகாய்த் தோட்டத்துக்கும் தொம்மையின் நடை பாய்ந்தது, தொம்மையின் கோபம் பாய்ந்தது. அவனைக் கண்ணால் காணாத அறுபது எழுபது ஊர்களில் ஜனங்கள் அவனுக்கு இஞ்சி ஆகாது என்று தெரிந்துவைத்திருந்தார்கள். கலியாண வீட்டில் எவனாவது உரக்கச் சிரித்தால் "தொம்மையாட்டம் சிரிக்கான் பாரு" என்றார்கள். உளுந்தும் பாசிப்பயறும் தானியமுமாக அவள் வீட்டில் குவிந்தது. அதைத் தெருவுக்கு, முக்கியமாக உப்பளத்துக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தாள்.

போகிற ஊரிலெல்லாம் டிராகனின் தலை காட்டுகிற திக்கைத் தரையில் கோடு போட்டுப் பார்த்து, காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். அதை அவள் லியூவிடம் கொண்டுவந்து கொடுப்பாள். அவர் சுவரில் மாட்டியிருந்த தேசப்படத்தில் பென்சிலால் கோடு இழுப்பார். முதல் வருஷம் கோடுகள் தண்டவாளம் மாதிரி ஒன்றையொன்று தொடாமல் சுமத்ராவையும் தாண்டி ஓடின. "ரொம்பத் தொலைவுல, ஒரே இடத்துல நிக்காரு" என்றார் லியூ. "கப்பல் நகரல." இரண்டாம் வருஷம் ஆடி மாதத்தில் கோடுகள் திசை மாறி, ஒன்றையொன்று பார்த்துச் சாய ஆரம்பித்தன. பல் வலிக்கு வந்தவர்கள்கூட வாயைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய் அந்தப் படத்தைப் பார்த்தார்கள். "வாராருல்லா?" என்பார்கள். "வாராரு" என்பார் லியூ.

உப்பளத்துக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். கரிசல்காரர்கள் வாயால் சந்தோஷம் என்றார்கள். அவன் வந்துவிட்டால் அவளுக்கு ஏக்கம் ஏது, ஏக்கம் இல்லாமல் மழை ஏது? இன்னும் ஒரு வெள்ளாமை, இன்னும் ஒரே ஒரு வெள்ளாமை மட்டும் அந்த மனுசன் எங்கேயாவது தங்கி வரட்டும் என்று அய்யனாரிடம் ரகசியமாக வேண்டிக்கொண்டவர்கள் உண்டு. வேண்டிவிட்டு அவளுக்குப் பரிமாறுகையில் ஒரு கரண்டி அதிகமாக ஊற்றினார்கள்.

அமலோற்பவத்துக்கு வேறொரு பயம் வந்திருந்தது. சொல்லிச் சொல்லி அவன் சிரிப்பு தேய்ந்துபோயிருந்தது. வாய் சொல்லும், மனசுக்குள் எதுவும் அசையாது. மழை தூற்றலாகிவிட்டது. ஒருநாள் மத்தியானம் அவன் குரலை நினைத்துப் பார்த்தாள். தன் குரல்தான் கேட்டது. அவனை ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு நான் வெறுங்கையோடு நிற்கிறேனோ என்று நினைத்தாள். அப்போதும் மழை வரவில்லை.

அந்த வருஷம் ஐப்பசியும் ஏமாற்றியது. ஓணாங்குளத்தில் இரண்டாம் தடவை விதைத்த மக்காச்சோளம் இரண்டு இலை விட்டுச் சுருண்டு நின்றது. மூன்றாம் தடவைக்கு யார் வீட்டிலும் விதை இல்லை. அமலோற்பவம் அங்கே வந்து மூன்று நாளாக உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளும் வடக்கேயே பார்த்துக்கொண்டிருந்த டிராகனின் தலை, நாலாம் நாள் காலையில் கஞ்சி குடிக்கிற நேரத்துக்குள் கிழக்கே சுற்றி, தென்கிழக்கில் வந்து நின்றது. அந்தத் திக்கை எழுதி எட்டு மணி பஸ்ஸில் லியூவுக்கு அனுப்பினார்கள். பன்னிரண்டு மணி பஸ்ஸில் கண்டக்டர் ஒரு சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். மருந்துச் சீட்டில் லியூவின் கையெழுத்து: "காலைக் கோடு நம்ம ஊரில் வந்து குத்தி நிற்கிறது. உடனே வரவும்."

குருவம்மா அவளுடைய பையைத் தானே தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். ஊரே பின்னால் வந்தது. "போங்க மதினி" என்றாள் குருவம்மா, பயிர் இருக்கிற பக்கம் பார்க்காமல். "அண்ணனைக் காக்க வைக்காதீங்க. நாங்க எப்படியும் பாத்துக்கிடுவோம்." கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அமலோற்பவம் ஒரு காலைப் படியில் வைத்தாள். வைத்த காலை எடுத்தாள்.

"நாலு மணி பஸ்ஸுக்கு வாரேன்னு டாக்டர்ட்ட சொல்லிருங்க" என்றாள்.

திரும்பி நடந்து, சுருண்ட பயிருக்கு நடுவில் போய் உட்கார்ந்தாள். அவன் எங்கோ இருந்தபோது ஏங்கியது ஒரு ஏக்கம். முப்பது மைலில், தன் வீட்டு வாசலில், பூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்று தெரிந்து, எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருப்பது வேறு. யாரும் அவளை ஒன்றும் கேட்கவேண்டியிருக்கவில்லை. ஆனைக்கூட்டம் போல மேகம் வந்தது. மூன்று மணிக்கு இடித்த இடியில் பானைத் தண்ணீர் குலுங்கியது. நாலு மணி பஸ் வரவேண்டிய தரைப்பாலத்தின் மேல் இடுப்பளவு வெள்ளம் போயிற்று. தன் மழையாலேயே அமலோற்பவம் அங்கே அகப்பட்டுக்கொண்டாள்.

தூத்துக்குடியில், காலையில் வடக்கேயிருந்து வந்த ரயிலை விட்டு இறங்கிய தொம்மை பூட்டிய வாசலிலேயே காத்திருந்தான்; உப்பளத்திலிருந்து திரும்பிய செல்லக்கனி அவனைக் கண்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மேற்கே, ஒரே இடத்தில் அசையாமல் நின்ற கறுப்பைக் காட்டினாள். "அந்தா நிக்கிற மழைக்கு அடியிலதான் உங்க பொஞ்சாதி இருக்கா." அவன் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். பஸ் போகிற மட்டும் பஸ்ஸில் போனான், பிறகு ஒரு டிராக்டரில், பிறகு நடந்தே.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். வேட்டியை மடித்துக் கட்டி, மஞ்சள் பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடைத் தண்ணீரில் ஒரு ஆள் இறங்கி வருவதை ஊரே பார்த்தது. அவன் ஒவ்வொரு அடி எடுத்துவைக்கவும் மழை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. வரப்பில் ஏறியபோது நின்றேவிட்டது. அமலோற்பவம் எழுந்திருக்கவில்லை. கால் மரத்துப்போயிருந்தது. அவன் இடது கையை நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள்.

டிராகன் அவள் தோளுக்கு ஏறி, கை வழியாக இறங்கி, விரலுக்கு விரல் மாறி அவன் மணிக்கட்டுக்குப் போயிற்று. வாயைத் திறந்து முத்தைக் கவ்வியது. அவன் முழங்கை வரை ஏறி ஒருதரம் நின்றது. பிறகு இறங்கி, விரல் நுனியிலிருந்து வாய்க்கால் தண்ணீரில் சொட்டி, மையாகக் கலங்கி, கண்மாயைப் பார்த்துப் போய்விட்டது. ஒரு பெரியவர் கும்பிட்டார். ஒருத்தி வாய்க்காலில் வாய் வைக்கப்போன ஆட்டை விரட்டினாள். அந்தக் கண்மாயின் வடக்கு மூலையில் இன்றைக்கும் யாரும் துணி துவைப்பதில்லை.

குருவம்மா இரண்டு பேருக்கும் சோறு போட்டாள். "இஞ்சி சேர்க்கலண்ணே" என்றாள்.

"இப்ப திம்பேன்" என்றான் அவன்.

குரல் கம்மியிருந்தது. தலை முழுக்க நரைத்து, கன்னம் ஒட்டி, முன்பல் நாலு போய்விட்டிருந்தது. மழை பெய்த சந்தோஷத்தில் யாரோ ஏதோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், குனிந்துகொண்டு, சத்தமில்லாமல். குருவம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கள்ளமில்லாதவள், மனசில் பட்டதை வைத்துக்கொள்ளத் தெரியாது.

"நீங்க சொன்ன ஆளு மாதிரி இல்லியே மதினி."

அமலோற்பவத்தின் முதுகு ஈரம் போய், வெறுமையாக, லேசாக இருந்தது. கைக்கு எட்டுகிற தூரத்தில் அவன் உட்கார்ந்திருந்தும் ஏக்கம் போகவில்லை; அதை வாங்கி மழையாக்கத்தான் யாரும் இல்லை. அவன் சோற்றைப் பிசைகிற விரல்களைப் பார்த்தாள். ஒவ்வொரு பருக்கையையும் அவன் தேடித் தேடி எடுத்தான்.

"இவருதான்" என்றாள். "எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான். மிச்சத்தை இனிமேதான் கேக்கணும்."

தட்டை எடுத்து நகர்த்திவைத்துவிட்டு அவனைப் பார்த்து உட்கார்ந்தாள். "சொல்லுங்க. கப்பல்ல என்ன ஆச்சு?"

போகப்போன ஜனங்கள் நின்றார்கள். ஒருத்தர் இரண்டு பேராக ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார்கள். தொம்மை எல்லார் முகத்தையும் பார்த்தான், அவளைப் பார்த்தான், கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"முதல்ல," என்றான், "அரிசி தீந்துச்சு."